பொம்மைக்கு ஓர் அபாயா

"தாத்தா, இது உடுப்பா, கூடாரமா?" தங்கச்சியின் பார்பி பொம்மைக்கு நான் முதன்முதலில் தைத்த அபாயாவுக்குக் கிடைத்த பாராட்டு இது. அளவு சரிதான், பிழை துணியில். அப்பொம்மையின் உயரம் பதினொன்றரை அங்குலம், ஏறக்குறைய மனிதரில் ஆறிலொரு பங்கு. அளவுகளை ஆறால் வகுக்கலாம், துணியின் தடிப்பை வகுக்க முடியாதே! மெல்லிய வொயில் துணிதான் மடிந்து விழும். மாத்தளையில் பத்திக் துண்டுகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு பெரிய பூவே பொம்மையின் முன்பக்கம் முழுவதையும் பிடித்துக்கொள்ளும். பொடிப்பூவாகத் தேடுங்கள்.

உடுப்பின் கைகளைப் பொருத்திய பிறகே பக்கத் தையலை அடியுங்கள். விரலளவுக் குழாயைப் பிறகு பொருத்துவது பெரும்பாடு. பொம்மையின் கை விறைப்பானது. பின்புறம் இடுப்புவரை திறந்திருந்தால்தான் உடுத்தலாம். கறுப்புத் துணியை முதலில் கழுவி, ஈரத்தோடு வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள். நான் பார்க்கவில்லை, பொம்மையின் கழுத்தில் ஏறிய சாயம் இன்னும் போகவில்லை. தங்கச்சி இரண்டு நாள் பேசவுமில்லை.

2003இல் அரபு நாடுகளில் ஃபுல்லா என்ற பொம்மை அபாயாவுடனேயே விற்பனைக்கு வந்தது. 2017இல் மட்டெல் நிறுவனமும் அமெரிக்க வாள்வீச்சு வீராங்கனை இப்திஹாஜ் முஹம்மதின் உருவில் ஹிஜாப் அணிந்த பார்பியை அறிமுகப்படுத்தியது. எங்கள் வீட்டுப் பார்பிக்கோ, கழுத்துக் கறையை மறைக்கவே நான் ஷோல் தைத்தேன். இப்போது அதைக் கழற்றத் தங்கச்சி விடுவதில்லை.