ஊசிமுனை – 19: சூரியனைக் கேட்காத வெளிச்சம்

சனிக் கிரகத்தைப் பற்றி எழுதுவதாகப் போன வாரம் வாக்குக் கொடுத்திருந்தேன். பொட்டிப்புரம், அம்பரப்பர் மலை, நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் திட்டமிட்ட 50,000 டன் இரும்புக் காந்தம், அதை எதிர்த்தவர்கள் எல்லாம் முடிந்த கதை. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். சனிக்கு வருகிறேன். அதற்குள் வியாழனின் துருவ ஒளி குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது.

போடியில் இருந்துகொண்டு துருவ ஒளியைப் பற்றி எழுத என்ன தகுதி என்று கேட்கலாம். அது எட்டிப் பார்க்காத ஊர் என்பதுதான் தகுதி. சூரியனிலிருந்து வரும் மின்துகள்கள் காந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டுதான் ஓடும். பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963இல் ராக்கெட் விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான். ஆகவே நம் தலைக்கு மேல் காந்தக் கோடுகள் கிட்டத்தட்டப் படுக்கையாக, வடக்கு தெற்காக ஓடுகின்றன. அவை தரையை நோக்கிச் செங்குத்தாய் இறங்குவது துருவங்களுக்குப் பக்கத்தில். துகள்களும் அங்கேதான் இறங்கிக் காற்றில் மோதி ஒளிர்கின்றன. பெரும் காந்தப் புயல் வந்தால் கணக்கு மாறும்: 1872 பிப்ரவரி 4 அன்று பம்பாயில் தெரிந்ததாகப் பதிவு இருக்கிறது, 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்ததை நம் கேமராக்களே பிடித்தன. எப்படியானாலும் அனுப்புகிறவர் சூரியன்தான்.

வியாழனில் அப்படி இல்லை. இதைப் படித்ததிலிருந்து இந்த வாரம் வேறெதுவும் ஓடவில்லை.

கதை ரேடியோவில் தொடங்குகிறது. 1955இல் வாஷிங்டன் அருகே பர்க், ஃபிராங்க்ளின் என்ற இருவர் 22.2 மெகாஹெர்ட்ஸில் நண்டு நெபுலாவைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு கரகரப்பு. பக்கத்துப் பண்ணையில் இரவு நேரம் கழித்து வீடு திரும்பும் யாருடைய வண்டியிலோ இக்னிஷன் கோளாறு என்று நினைத்தார்களாம். அந்த வண்டிக்காரர் நட்சத்திரங்களோடு சேர்ந்து நகர்கிறார் என்று தெரிந்த பிறகுதான் சந்தேகம் வந்தது, பார்த்தால் வியாழன். பழைய சிற்றலைப் பெட்டி வைத்திருந்தவர்களுக்குச் சொல்கிறேன்: 13 மீட்டர் பட்டைக்குக் கொஞ்சம் மேலே. எஸ்டேட் லயன்களில் இலங்கை வானொலிக்காக முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடியவர்கள் வியாழனை எத்தனை முறை தாண்டிப் போனார்களோ!

1964இல் ஆஸ்திரேலியாவின் பிக் என்பவர் அந்தக் கரகரப்புகளின் நேரங்களை அடுக்கிப் பார்த்தார். ஐயோ என்ற நிலா தன் பாதையில் குறிப்பிட்ட இடங்களுக்கு வரும்போதெல்லாம் சத்தம் பலத்தது. ஒரு நிலாவுக்கும் கிரகத்தின் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம்? பதிலின் ஒரு பகுதி வர இன்னும் 15 வருஷம். 1979 மார்ச்சில் வாயேஜர் 1 விண்கலத்தின் வழிகாட்டும் பணியில் இருந்த லிண்டா மொராபிட்டோ, ஐயோவின் விளிம்பில் குடைபோல் எழுந்த ஒரு மங்கலைப் பார்த்தார். எரிமலை! பூமிக்கு வெளியே முதன்முதலாகக் கண்ட உயிருள்ள எரிமலை. இன்று அங்கே 400க்கு மேல் எண்ணியிருக்கிறார்கள்.

அந்த எரிமலைகள் கக்கும் கந்தக டை ஆக்சைடில், வினாடிக்குச் சுமார் ஒரு டன் வியாழனின் காந்தப்புலத்தில் சிக்குகிறது. கந்தகமும் ஆக்சிஜனும் மின்னேற்றம் பெறுகின்றன. வியாழன் 10 மணி நேரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடும். கூடவே அதன் காந்தப்புலமும் சுழலும். ஐயோ வினாடிக்கு 17 கிலோமீட்டர் போகிறது; அந்த இடத்தில் காந்தப்புலமோ 74 கிலோமீட்டர். சிக்கிய துகளை அது தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓட வேண்டும். விடிகாலையில் போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏலத்தோட்ட ஆட்களை ஏற்றிப் போகும் ஜீப்பை நினைத்துக்கொள்ளுங்கள்: ஏறும் ஒவ்வோர் ஆளுக்கும் எஞ்சின் ஒரு முக்கு முக்கும். இங்கே வினாடிக்கு ஒரு டன் ஏறிக்கொண்டே இருக்கிறது, பின்னால் தொங்குகிறவர்கள் வெளியே வெளியே நகர்கிறார்கள். வியாழனின் ஆரத்தைப்போல் 20, 30 மடங்கு தூரம் போனதும் காந்தப்புலத்தால் அதே வேகத்தில் இழுக்க முடியவில்லை, துகள்கள் பின்தங்குகின்றன. அந்த இழுபறியில் பிறக்கும் மின்சாரம் காந்தக் கோடுகள் வழியே கிரகத்துக்கும் வெளிக்கும் ஓடுகிறது. எலக்ட்ரான்கள் துருவப் பக்கம் வளிமண்டலத்தில் பாய்ந்து ஹைட்ரஜனைத் தாக்குகின்றன. அணையாத ஒரு வளையமாக அது எரிகிறது, புறஊதாவிலும் அகச்சிவப்பிலும். நம் கண்ணுக்குத் தெரியும் பங்கு சொற்பம்.

சூரியனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. முதலாளி அதுவல்ல, அவ்வளவுதான்.

வளையத்துக்குச் சற்று வெளியே தனியாக ஒரு புள்ளி ஒளிரும். அது ஐயோவின் காலடி. நிலா நகர நகர, அதோடு காந்தக் கோட்டால் கட்டுண்ட அந்தப் புள்ளியும் நகரும். நிலாவின் இரு பக்கங்களுக்கு நடுவே ஏறத்தாழ 4 லட்சம் வோல்ட். கானிமீடு, யூரோப்பா என்ற நிலாக்களுக்கும்கூடக் காலடிகள் உண்டு. ஹப்பிள் படம் எடுத்திருக்கிறது. 2016இல் போய்ச் சேர்ந்த ஜூனோ விண்கலம் இந்த அழகான கணக்கைக் கொஞ்சம் கலைத்துவிட்டது. எலக்ட்ரான்கள் பாடப்புத்தகம் சொன்னபடி ஒரே திசையில் ஒழுங்காகப் பாயவில்லை, பல இடங்களில் கொந்தளிக்கும் அலைகள்தாம் அவற்றை உந்துகின்றன. எனக்கென்னவோ இதுதான் பிடித்திருக்கிறது.

பொட்டிப்புரத்துக் காந்தத்தின் வலிமையைச் சுமார் 1.5 டெஸ்லா என்று வகுத்திருந்தார்கள். அதாவது 15,000 காஸ். வியாழனின் நடுக்கோட்டில், மேகத்தின் உச்சியில், வெறும் 4 காஸ் சொச்சம். நம்மூர்க் காந்தம் மூவாயிரம் மடங்குக்கு மேல் பலசாலி! ஆனால் அது இரும்புக்குள் அடங்கிய பலம். வியாழனுடைய காந்தப்புலத்தின் வால் சனியின் பாதைவரை நீள்கிறது. அந்தப் புலம் கண்ணுக்குத் தெரிந்தால் நம் வானில் முழுநிலவைவிடப் பெரிதாகத் தெரியும். வியாழனைப் பார்க்க விரும்புகிறவர்கள் அது மாலையில் கிழக்கே தேனிப் பக்கம் எழும் மாதங்களில் பாருங்கள். மேற்கே இருக்கும்போது நம்மூரில் அடிவானம் தொடுவதற்கு வெகு முன்பே மலை விழுங்கிவிடும்.

சனியில் ஐயோவின் வேலையை எரிமலைக்குப் பதில் தண்ணீர் பீய்ச்சும் என்செலடஸ் என்ற நிலா செய்கிறது. நெப்டியூனிலோ காந்த அச்சு 47 பாகை சாய்ந்து கிடப்பதால் துருவ ஒளி துருவத்திலேயே இல்லை. 2023இல் ஜேம்ஸ் வெப் பிடித்த அந்தக் காட்சி 2025 மார்ச்சில்தான் வெளிவந்தது. இரண்டையும் ஒரே வாரத்தில் அடக்க முடியாது. அடுத்த வாரம் சனி மட்டும்.

(தொடரும்)