கல்யாணத்துக்கு வந்தீர்களா? கோலாரையும் பார்த்துச் செல்லுங்கள்!

கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கோலார் தங்கவயலில் கல்யாணக் களை கட்டிவிடும். திருவருகைக் காலத்தில் கத்தோலிக்கர் வீடுகளில் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் லீவில் வீடு திரும்புவதும் இந்த வாரத்தில்தான். சிறிய வீடுகளும் உறவினர்களால் நிறைந்துவிடும்.

விருந்து முடிந்த மறுநாள், "இங்கே பார்க்க என்ன இருக்கிறது?" என்று விருந்தாளி கேட்பார். "கோடிலிங்கம் போய் வாருங்கள்" என்பார்கள் வீட்டார். கம்மசந்திராவில் உள்ள 108 அடி லிங்கம் பார்க்க வேண்டியதுதான். ஆனால் அதோடு திரும்பினால் பாதி ஊரைப் பார்த்ததாகாது.

சோழர் கல்வெட்டு

சுமார் 30 கிலோமீட்டரில் கோலார் நகரம். கங்க மன்னர்களின் பழைய குவளாலபுரம் இதுவே. கோலாரம்மன் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. தேள் தெய்வமான சேளம்மாவுக்கும் இங்கு சந்நிதி உண்டு. அருகிலேயே விஜயநகரக் காலத்துச் சோமேஸ்வரர் கோயில். ஹைதர் அலியின் தந்தை பத்தே முகமதுவின் சமாதியும் இவ்வூரில்தான்.

பிறகு அந்தரகங்கை. மலைப்படி ஏறினால் கல் நந்தியின் வாயிலிருந்து ஊற்று நீர் விழும். குரங்குகள் அதிகம், தின்பண்டத்தைக் கையில் பிடித்துச் செல்லாதீர்கள். விடியற்காலைக் குளிருக்குச் சால்வை அவசியம்.

தாத்தாவோடு ஒரு நடை

மாலையில் தங்கவயலையே சுற்றலாம். ஜான் டெய்லர் கம்பெனி 1880-ல் இங்கு காலூன்றியது. சிவசமுத்திரத்திலிருந்து 1902-ல் மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு அது கிடைத்தது 1905-ல்தான்! சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டன.

சைனைடு மேடுகளைச் சாலையில் நின்று மட்டும் பாருங்கள். அது தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண். படம் எடுக்கும் ஆசையில் குழந்தைகளை மேலே ஏற்றாதீர்கள். பழைய சுரங்க வாய்களின் பக்கமும் போக வேண்டாம்.

ரயிலில் வருவோருக்கு 1894-ல் போட்ட பங்காரப்பேட்டை - மாரிகுப்பம் பாதை இருக்கிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று ஸ்டேஷன் பெயர்களே ஊரின் கதையைச் சொல்லும். திரும்பும் வண்டியின் நேரத்தை இறங்கியவுடன் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது, கல்யாண வீட்டில் சுரங்கத்தில் வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள். கோலார்க் கல்வெட்டு இன்னும் பல காலம் நிற்கும். இருட்டுக்குள் இறங்கி ஏறியவரின் கதையை இந்தப் பயணத்திலேயே கேட்டுவிட வேண்டும்.