எல்லை நில வாழ்வும் தமிழ்த் திரைப்படமும்

திண்டுக்கல் இன்று எந்நாட்டு எல்லைக்கும் அண்மையிலுள்ள ஊரன்று. முன்னர் அஃது எல்லையாகவே இருந்தது. 1755ஆம் ஆண்டளவில் ஐதர் அலி படைத்தலைவராக அமர்ந்த இக்கோட்டை, பலகால் கைம்மாறி, 1792ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் ஆங்கிலக் கும்பினியார்க்கு உரியதாயிற்று. அந்நினைவு மலைமேல் மதிலோடு நின்றுவிட்டது. இச்சமவெளி மக்கள் இன்று அறிந்த எல்லை பெரும்பாலும் திரையரங்கில் கண்ட எல்லையே. ஆதலின் அத்திரை யார் கண்கொண்டு எல்லையைக் காட்டுகின்றது என வினவுதல் இலக்கிய ஆராய்ச்சிக்கும் உரியதெனக் கருதுகின்றோம்.

மணிரத்தினம் 1992இல் இயக்கிய 'ரோஜா'வின் தலைவி நெல்லைச் சீமைச் சிற்றூரினள். காசுமீரத்தில் கடத்தப்பெற்ற கணவனை மீட்கத் தமிழன்றிப் பிறமொழி அறியாது அலைகின்றாள். அம்மொழித் தனிமை நன்கு அமைந்துள்ளது. எனினும் அந்நிலத்துக் குடிகள் தம் துயரைத் தம் வாயாற் கூற யாம் கேட்டிலேம். படப்பிடிப்பும் மணாலி, உதகை முதலிய இடங்களில் நிகழ்ந்தது. கதைக்கு வேண்டியது பனியேயன்றிக் காசுமீரம் அன்று போலும்! அவரே 2002இல் அளித்த 'கன்னத்தில் முத்தமிட்டால்' இராமேசுவரத்து ஏதிலியர் முகாமில் பிறந்த சிறுமியை ஈன்ற தாயிடம் கொண்டுசெல்கின்றது. ஆண்டும் நாம் விருந்தினராகவே எல்லை கடக்கின்றோம்.

சீனு இராமசாமியின் 'நீர்ப்பறவை' (2012) இவற்றின் வேறானது. இந்திய இலங்கைக் கடலெல்லை 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வரையப்பெற்றது. அக்கோட்டின் அருகே வலைவீசி வாழ்வோரின் கதை இது. கடலில் பெற்றோரை இழந்து பரதவர் இல்லத்தில் வளர்ந்தவன் அருளப்பசாமி. அவன் தொழிலுக்குச் செல்ல விழையுங்கால், பிறப்பால் நம்மவன் அல்லன் எனக் கரையிலேயே தடுக்கப்படுகின்றான். நாட்டெல்லைக்கு முன்னரே குலவெல்லை நிற்பதை இப்படம் மறையாது காட்டியது பெரிதும் பாராட்டற்குரியது.

அவன் கடலிற் கொல்லப்பட்டபின் மனைவி எசுதர் உடலை வீட்டினுள்ளேயே புதைத்துவிட்டுப் பல்லாண்டு கடலை நோக்கி இருக்கின்றாள். நெய்தற்கு உரிப்பொருளாகிய இரங்கல் இஃதே எனலாம். ஆனால் சங்க நெய்தல் தலைவி வருவானை எண்ணி இரங்கினாள். எசுதரோ வாரான் என்பதை அறிந்தவள். எலும்புகள் வெளிப்பட்டபோது வழக்கு மன்றத்தில் நின்று விடை கூறவேண்டியவளும் அவளே.