வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயரை வைக்கும் முறை

வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் என்பது மின்கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய மின்சமிக்ஞையை வெற்றிடக் குழல்களின் மூலம் பெருக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்பும் கருவியாகும். பழைய வால்வு ரேடியோக்களில் ஒளிர்ந்த கண்ணாடிக் குழல்களின் வகையே இதிலும் உள்ளது. 1960களில் புகழ்பெற்ற ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப், வாக்ஸ் ஏசி30 ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இக்கருவியை வைக்கும் இடம் அதன் ஒலியை மட்டுமல்ல, வாசிப்பவரின் பாதுகாப்பையும் தீர்மானிக்கிறது.

உயரமும் சாய்வும்

ஸ்பீக்கரிலிருந்து தாழ்ந்த ஒலிகள் எல்லாத் திசைகளிலும் பரவும். கூர்மையான உச்ச ஒலிகள் பெரும்பாலும் நேர்முன்னே மட்டும் செல்லும். கருவி தரையில் இருந்தால் உச்ச ஒலி வாசிப்பவரின் முழங்காலைத் தாண்டிப் போய்விடும். தமக்குக் கேட்கவில்லை என்று அவர் 'டிரெபிள்' குமிழைத் திருக, எதிரே இருப்பவர்களின் காதுகளில் ஒலி குத்தும். கருவியைச் சற்று உயர்த்தியோ பின்புறமாகச் சாய்த்தோ வைத்தால் இது சரியாகும். ட்வின் ரிவெர்ப் போன்றவை ஏறத்தாழ 29 கிலோ எடை உள்ளவை. ஆகவே பிளாஸ்டிக் நாற்காலியைத் தவிர்த்து, ஆடாத மரப் பெஞ்சைப் பயன்படுத்த வேண்டும்.

சுவரும் வெப்பமும்

அறையின் மூலையில் வைத்தால் தரையும் இரு சுவர்களும் தாழ்ந்த ஒலியை மிகுதிப்படுத்துவதால் இசை தெளிவிழந்து முழங்கும். பின்புறம் திறந்த பெட்டிகளில் பின்னாலிருந்தும் ஒலி வரும். சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வைத்தால் ஒலி தெளிவடையும். குழல்களின் வெப்பமும் வெளியேறும். வாசிக்கும்போது வெளியீட்டுக் குழல்கள் கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும். அவற்றின் மேல் திரைச்சீலையோ துணியோ படக் கூடாது. சூடான கண்ணாடியில் நீர் தெறித்தால் விரிசல் விடலாம். அணைத்த பின்னும் ஆறும்வரை கருவியை நகர்த்தாமல் இருப்பது நல்லது.

மின்சாரம்

கருவிக்குள் 300 முதல் 500 வோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கும். இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம். எனவே பயிற்சி இல்லாதவர் அதைத் திறக்கக் கூடாது. ஸ்பீக்கர் தனிப் பெட்டியாக இருந்தால் அதன் கம்பியை நடைபாதையில் விடக் கூடாது. வாசிக்கும்போது அது கழன்றால் வெளியீட்டு மின்மாற்றி பழுதாகலாம்.

கிட்டாரின் கம்பிகள் ஆம்ப்ளிஃபயர் வழியாக எர்த்துடன் இணைந்திருப்பதால், எர்த் இல்லாத மைக்கை வாசிப்பவர் தொட்டால் உடல் வழியே மின்சாரம் பாயும். 1972இல் ஸ்டோன் தி க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, வேல்ஸ் நாட்டின் சுவான்சி மேடையில் இவ்வாறு மின்சாரம் தாக்கி இறந்தார். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று பிளக்கின் எர்த் முனையை நீக்குவது இதே ஆபத்தை வரவழைக்கும். மின்மாற்றியின் முனகல் கேட்டால், கிட்டாருடன் சற்று விலகியோ திரும்பியோ நின்றாலே பெரும்பாலும் குறையும்.

திறந்தவெளி மேடைகளில்

கரிவலம்வந்தநல்லூர் போன்ற ஊர்களின் திருவிழாக் கச்சேரிகள் பெரும்பாலும் தற்காலிக மேடைகளில், ஜெனரேட்டர் மின்சாரத்தில் நடப்பவை. அங்கு ஆம்ப்ளிஃபயருக்கும் மைக் செட்டுக்கும் முறையாக எர்த் செய்த ஒரே இணைப்பிலிருந்து மின்சாரம் எடுப்பதும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் சாதனத்தைப் பொருத்துவதும் அவசியம். மேடைப் பலகை உள்ளீடற்றதாக இருந்தால் அதுவும் சேர்ந்து அதிரும். கெட்டியான பெஞ்சும் அதன் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்பும் அந்த அதிர்வைக் குறைக்கும். மழைத் தூறல் விழுந்தால் முதலில் மின்இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.