நான்கு நாள், நான்கு உடை

கடைசிப் பயணத்துக்கு ஓர் உடை போதும் என்பதுதான் ஊர் உலக வழக்கம். அரேதா ஃபிராங்க்ளினுக்கு அது போதவில்லை.

'சோல்' இசையின் ராணி என்று அமெரிக்கா கொண்டாடிய அவர், 2018 ஆகஸ்ட் 16 அன்று கணையப் புற்றுநோயால் டெட்ராய்ட்டில் தம் வீட்டில் காலமானார். வயது 76. ஆகஸ்ட் 28-ம் தேதி ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான சார்ல்ஸ் ரைட் அருங்காட்சியகத்தில் உடல் அஞ்சலிக்கு வைக்கப்பட்டது. சிவப்பு லேஸ் உடை, சிவப்பு உதட்டுச்சாயம், சிவப்பு நகப்பூச்சு, காலில் சிவப்பு ஹைஹீல்ஸ். அந்தக் கால்கள்கூடக் கணுக்காலில் ஒன்றின்மேல் ஒன்றாக, சாவகாசமாக! மறுநாள் வெளிர்நீலம். மூன்றாம் நாள், அவர் அப்பா போதகராக இருந்த நியூ பெத்தேல் தேவாலயத்தில் ரோஸ் கோல்டு. 31-ம் தேதி இறுதி ஆராதனையில் தங்க நிறம்.

சாவு வீட்டில் இவ்வளவு ஜோடனையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அவர் பாடப்போன விதம் தெரிந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. கறுப்பினக் கலைஞர்களின் உழைப்பைச் சுரண்டிக் கணக்குக் காட்டாமல் விட்ட காலத்தில் வளர்ந்தவர் அரேதா. சம்பளத்தை ரொக்கமாக வாங்கிக் கைப்பையில் போட்டு, அந்தப் பையைக் கண்ணெதிரே மேடையிலேயே வைத்துக்கொண்டு பாடுவார். தமக்குரியதில் ஒரு பைசா விட்டுக்கொடுக்காதவரை, ஏனோதானோவென்று அனுப்பிவைக்க முடியுமா?

அருங்காட்சியகத்தின் முன்னால் இரவே வந்து இடம்பிடித்தவர்கள் உண்டு. வெறும் ரசிகக் கூட்டமல்ல அது. ஓடிஸ் ரெடிங் எழுதிய 'ரெஸ்பெக்ட்' பாடல், 1967-ல் அரேதா பாடிய பிறகுதான் பெண்களின், கறுப்பின மக்களின் உரிமைக்குரலானது. 1970-ல் கறுப்பின உரிமைப் போராளி ஏஞ்சலா டேவிஸ் சிறையிலிருந்தபோது, ஜாமீன் பணம் கட்டத் தயார் என்று அரேதா பகிரங்கமாகச் சொன்னார். தொழிற்சாலைகள் மூடி, ஜனங்கள் வெளியேறி, 2013-ல் டெட்ராய்ட் நகர நிர்வாகமே திவாலான போதும் அவர் அந்த ஊர்க்காரர்தான்.

உடலைச் சுமந்துவந்தது 1940-ம் ஆண்டு லாசால் சவ வண்டி. 1984-ல் அவர் அப்பாவையும், 2005-ல் கறுப்பின உரிமைப் போராளி ரோசா பார்க்ஸையும் சுமந்த அதே வண்டி. ஆராதனை நடந்த கிரேட்டர் கிரேஸ் டெம்பிள் எதிரே, பிங்க் காடிலாக்கில் போவதைப் பாடும் அவருடைய 'ஃப்ரீவே ஆஃப் லவ்' பாட்டின் நினைவாக, நூற்றுக்கும் மேற்பட்ட பிங்க் காடிலாக் கார்கள் அணிவகுத்தன. ஸ்டீவி வொண்டர் பாடினார், பில் கிளிண்டன் பேசினார். நிகழ்ச்சி முடிய எட்டு மணி நேரம் ஆனது.

ஒரே ஒரு கசப்பு. அட்லாண்டாவிலிருந்து வந்த போதகர் இரங்கலுரை என்ற பெயரில், கணவனில்லாத தாயால் ஆண் பிள்ளையை ஆம்பளையாக வளர்க்க முடியாது என்று உபதேசித்தார். பெட்டிக்குள் இருந்தவரே நான்கு மகன்களின் தாய், தனித்தாயாக வாழ்ந்தவர். குடும்பத்தார் அந்தப் பேச்சைப் பின்னர் வெளிப்படையாகவே கண்டித்தார்கள். நியாயம்தான். நாலு நாளும் அவருக்கு உடை தேர்ந்தெடுத்தவர்களுக்கு அவரைத் தெரிந்த அளவு, பிரசங்கம் செய்தவருக்குத் தெரியவில்லை.

அரேதாவைக் கேட்டறியாதவர்கள் 'அமேசிங் கிரேஸ்' ஆவணப்படத்திலிருந்து தொடங்கலாம். 1972-ல் லாஸ் ஏஞ்சலிஸ் தேவாலயம் ஒன்றில் இரண்டு இரவுகள் அவர் பாடியதன் பதிவு. படப்பிடிப்பில் கிளாப் அடிக்காததால் ஒலியையும் காட்சியையும் இணைக்க முடியாமல் பல்லாண்டு முடங்கிக் கிடந்தது. தொழில்நுட்பம் கைகொடுத்த பிறகும் வெளியீட்டைத் தடுக்க அரேதாவே நீதிமன்றம் போனார். அவர் மறைந்த பிறகு, குடும்பத்தின் சம்மதத்தோடு 2018 நவம்பரில்தான் திரைக்கு வந்தது.