தோழமையும் வளர்ச்சிக் குறையுடைய இளையோரும்

அறிவு வளர்ச்சிக் குறையும் மதியிறுக்கமும் உடைய பிள்ளைகள் குமரப் பருவம் எய்துங்கால் அவர்க்கு வேண்டும் உறவு யாது என்பதனை ஈண்டு ஆராய்வாம். உணவும் உடையும் காப்பும் வேண்டும் என்பதை யாவரும் உடன்படுவர். அவை மட்டும் அமையுமா என்பதே வினா.

பழந்தமிழ் நூல்கள் இவ்வினாவிற்குத் துணைபுரிகின்றன. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 28-ஆம் பாட்டு, மக்கட் பிறப்பின் குறைகளை எட்டாக எண்ணுகின்றது. அவற்றுள் மருள் என்பது அறிவு மயக்கத்தைக் குறிக்கும். ஆண்டு அவ்வெட்டும் பயனில் பிறப்பாகவே கருதப்படுகின்றன. மணிமேகலை ஒருபடி மேற்செல்கின்றது. மதுரையில் ஆபுத்திரன், தான் இரந்து பெற்ற உணவை உடற்குறையுடையார்க்கு ஊட்டிய பின்னரே எஞ்சியதை உண்டான் என அக்காப்பியம் கூறும். எனினும் அன்னோர் ஆண்டும் அறம் பெறுவோராக நிற்கின்றனரேயன்றி, ஒருவர்க்குத் தோழராக நிற்கவில்லை.

இனி, அகப்பாடல்களை நோக்குவாம். தலைவனுக்குப் பாங்கன் உண்டு. தலைவிக்குத் தோழியும் ஆயமும் உண்டு. நற்றாயும் செவிலியும் அன்பிற் குறைந்தவரல்லர். ஆயினும் தோழியின் இடத்தை அவர் நிரப்புதல் இயலாது. எனவே, காப்பார் உறவு வேறு, ஒத்தார் உறவு வேறு என்பது பெறப்படும்.

உருசிய உளநூலறிஞர் வைகோட்ஸ்கி 1920-களில் இதனையொத்த கருத்தை விளக்கினார். உடலின்கண் அமைந்த முதற்குறை ஒன்று. பிறரோடு பழக இடமின்மையால் விளையும் இரண்டாங்குறை மற்றொன்று. முன்னதினும் பின்னது திருத்தற்கு எளிது என்பது அவர் துணிபு. மேலை நாடுகளில் இத்தகையோர் பலர் பெரு விடுதிகளில் ஒதுக்கப்பட்டனர். ஆதலின், டென்மார்க் நாட்டில் 1959-இல் எழுந்த சட்டம், அவர்தம் வாழ்வை இயன்றவரை ஏனையோர் வாழ்வை ஒப்ப அமைத்தலைக் குறிக்கோளாகக் கொண்டது. இந்தியாவில் 2016-ஆம் ஆண்டுச் சட்டம் சமுதாயத்தில் வாழும் உரிமையை வழங்கியது. நம் நாட்டிலோ பெரும்பாலோர்க்கு இல்லம் உண்டு. அண்ணன், அத்தை, மாமன் என்னும் முறைப்பெயர்களும் உண்டு. இல்லத்து வாயிலைக் கடந்த உறவே அரிது. சுற்றத்தின் மிகுதி அவ்வின்மையை மறைத்துவிடுகின்றது.

இக்குறையை நீக்கும் வழி ஊர் வழக்கிலேயே உண்டு. செஞ்சிக்கு அணித்தாகிய மேலச்சேரி, திரௌபதியம்மன் வழிபாட்டிற்குப் பெயர்பெற்றது. அவ்வட்டாரத்து வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். பாரதம் படித்தலும் கூத்தும் தீமிதியும் அவ்விழாவின் உறுப்புகள். படுகளத்திற்குத் துரியோதனன் உருவை மண்ணால் அமைப்பர். மண் சுமத்தற்கும் நீர் முகத்தற்கும் விரைந்த அறிவு வேண்டா. உடன் சுமப்போர் வேண்டும். அறிவு வளர்ச்சி மெலிந்த இளைஞன் ஒருவனைக் காட்சி காண்போனாக இருத்தாது, ஒத்த பருவத்தாரோடு கூடை எடுக்கச் செய்யின், விழா முடிந்த பின்னும் அவனைப் பெயர்சொல்லி அழைப்பார் நால்வர் இருப்பர்.

பெற்றோர் மறைந்த பின் இவன் நிலை என்னாம் என்னும் அச்சம் பல இல்லங்களில் உளது. அதற்கு விடுதியும் பொருளும் ஓரளவே விடையாகும். அவனை அறிந்த தோழர் சிலரைக் குமரப் பருவத்திலேயே தேடித் தருதல் பெற்றோர்க்கும் ஊரார்க்கும் கடனாம்.