ஓ.டி.ன்னா எந்த ஓ.டி.?

மேனாம்பேட்டுல "ஓ.டி. போறேன்"னு சொன்னா யாரும் பதற மாட்டாங்க. அம்பத்தூர் ஓல்டு டவுன் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன்னு அர்த்தம். ஆஸ்பத்திரியில சொன்னா ஆபரேஷன் தியேட்டர். எஸ்டேட் கம்பெனியில சொன்னா ஓவர்டைம். ரெண்டே எழுத்து, எங்க நின்னு சொல்றோம்ங்கிறதுதான் அர்த்தம் தருது. அதுதான் காண்டெக்ஸ்ட், தமிழில் சூழல்.

நமக்கு இது தானா புரியும். கம்ப்யூட்டரிடம் இருப்பது வெறும் எண்கள். சூழலை யாராவது அதுக்குத் தனியாகச் சொல்லணும். சொல்லலைன்னா என்ன ஆகும்னு போன லீவுல பார்த்தேன்.

தாத்தா 2003-ல் டைப் செய்த எங்க குடும்பக் கதை, ஒரு சிடியில் கிடைத்தது. அவர் இப்போ இல்லை. நோட்பேடில் திறந்தா தமிழே இல்லை. தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு அம்மா அழாத குறை.

உண்மையில் ஒரு எண்கூட மாறவில்லை. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் எண்கள். அதில் 128-க்கு மேல் இருந்த இடத்தில் அவரவர் மொழியை வைத்துக்கொண்டார்கள். டிஸ்கி முறையில் 171 என்றால் 'அ'. மேற்கு ஐரோப்பிய முறையில் அதே 171 பிரெஞ்சுக்காரர்களின் மேற்கோள் குறி. போதாததற்கு 1999 சென்னை தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் என்று இன்னும் ரெண்டு முறைகள் வந்தன. எந்த முறை என்று சாதா டெக்ஸ்ட் ஃபைலுக்குள் எழுதிவைக்க இடமே கிடையாது! யூனிகோடில் 'அ'வுக்கு 2949. அந்த எண் வேறு எந்த எழுத்துக்கும் கிடையாது. (அதிலும் யூ.டி.எஃப்-8-ஆ 16-ஆ என்று சொல்லணும். சப்டைட்டில் சில நேரம் குப்பையா வர்றது இதனாலதான்.)

நாலாவது செமஸ்டரில் மனப்பாடம் செய்த காண்டெக்ஸ்ட் ஸ்விட்சும் இதே கதைதான். ஒரு புரோகிராமை நிறுத்தி இன்னொன்றை ஓட்டும் முன், அடுத்து எந்தக் கட்டளை, ரெஜிஸ்டர்களில் என்ன மதிப்பு என்று ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதிவைக்கும். வைக்கலைன்னா, திரும்பி வரும்போது விட்ட இடம் தெரியாது.

தாத்தா எழுதிவைக்கவில்லை. அதனால் ஒவ்வொரு முறையா ஊகித்துப் பார்த்தேன். லினக்ஸின் ஐகான்வ் கமாண்டுக்கு டிஸ்கி தெரியும். கொடுத்ததும் முதல் வார்த்தை வந்தது: 'அம்பத்தூர்'. அம்மா அன்னிக்கு ராத்திரியே முழுசா படிச்சாங்க.

சிடியில் இன்னொரு ஃபைலும் இருக்கு. ஏதோ டிடிபி சென்டரின் ஃபாண்டில் அடித்தது, ஃபாண்ட் பெயர் தெரியலை. அது இன்னும் திறக்கலை.